ரசீக் நானா கடை ஹூக்கா

மார்ச் 13, வியாழன்
காலையிலிருந்து மழை. ஆபீஸில் என் தண்ணி வரி மேசையில் ஆளே இல்லை. பல் செட் கட்டி இன்றோடு ஒன்பது நாள். இட்லி சரி. முறுக்கு முடியாது. கிளாரினெட் அதைவிட மோசம்.
நேற்று பேண்ட் பயிற்சி. மேல் ஸ்தாயிக்கு ஏறினேன். மேல்பல் கழன்று மவுத்பீஸோடு வெளியே வந்துட்டுது. டிரம் அடிக்கிற சோமே சிரித்த சிரிப்பில் குச்சி கீழே. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் பயம்.
"வரதன், இந்த மாசம் பாப்போம். முடியலைன்னா ஜால்ராவ எடுத்துக்குங்க."
இருபத்திரண்டு வருஷம் மூன்றாம் கிளாரினெட். ஜால்ரா ஆபீஸில் போடுவது போதாதா?

மார்ச் 15, சனி
மடவளை பஸ். நின்றபடியே. ரசீக் நானாவின் பழைய சாமான் கடை. போனது குடைக்கம்பிக்கு. தையல் மெஷின் தலைகளுக்கு நடுவே கறுப்பாக, நீளமாக ஒன்று. கழுத்து வெள்ளி, வளைவு. அடியில் மணி போல் விரிந்த வாய், மேல்நோக்கி.
"இது என்ன நானா?"
"ஹூக்கா எண்டு எடுத்தன். ஊதினா பொக வரல்ல, சத்தம் வந்திச்சு."
அல்டோ கிளாரினெட், கீழ் ஸ்தாயிக்காரன்! படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மவுத்பீஸ் பெரிசு. உதட்டைத் தளர விட்டே ஊதலாம். மேல் ஸ்தாயிக்கு ஏறவே வேண்டாம்.
"கொண்டு போய் ஒரு கெழம ஊதிப் பாருங்க. புடிச்சா வெல பேசுவம். புடிக்காட்டி பொஞ்சாதிக்குத் தெரியாம திருப்பித் தாங்க."
குடைக்கம்பி மறந்து போச்சு. நனைந்துகொண்டே வீடு.

மார்ச் 16, ஞாயிறு
வாங்கலாம்: பல். ஜால்ரா. கண்டியில் வேறு யாரிடமும் இல்லை.
வேண்டாம்: துளை மூடுற பேட் எல்லாம் பூச்சி அரிச்சது. கார்க் உதிருது. ஒரு விரல்சாவி வளைஞ்சிருக்கு. வாயில் வைக்கிற நாணல் ரீட் எங்கேயும் கிடைக்காது. மனைவி செல்வி.
கட்டிலுக்கு அடியில் வைத்தேன். கூட்டும்போது செ.யின் விளக்குமாறு தட்டிச்சு.
"இது என்ன, அடுப்புக் குழாயா?"
"ஆபீஸ் சாமான்."
நம்பவில்லை.

மார்ச் 18, செவ்வாய்
அரை நாள் லீவு. கார்க்: மருந்துப் போத்தல் மூடி, அரத்தால் தேய்த்து. ரீட்: பேண்டில் சாக்ஸபோன் வாசிக்கிற அந்தோனி தந்த பழசு. பொருந்துது! பேட்டுக்கு என் ஃபெல்ட் தொப்பி. மேலே ஒட்ட மெல்லிய தோல் வேணும். செ.யின் கைப்பை, அடிப்பக்கத்தில் வெட்டின துண்டு. யார் பார்க்கப் போறாங்க?
செ. பார்த்துட்டா. சாயந்தரம் கோயிலுக்குப் போக சில்லறை போட்டா. நேரே தரையில்.
"ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல?" கொஞ்சம் யோசித்து, "இல்ல, குடுத்திருக்க மாட்டேன்."
ராத்திரி ரசம் மட்டும்.

மார்ச் 21, வெள்ளி
பேட் ஒட்டி முடிஞ்சுது. முதல் சுரம். ஆழம்! நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. பல் அசையவில்லை. பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டுச் சிங்கள மெனிக்கே அம்மா இஞ்சித் தண்ணியோடு வாசலில்.
"வீட்டு மாத்தயாவுக்கு வயிறு சரியில்ல, இல்லையா?"
செ. சிரித்தாள். செவ்வாய்க்குப் பிறகு முதல் தடவை. இஞ்சித் தண்ணி குடித்தேன், மரியாதைக்கு.

மார்ச் 22, சனி
பயிற்சி. மாஸ்டர் முன்னால் வாசித்தேன். கண்ணை மூடிக்கிட்டார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சோமே கூட.
"கல்யாணத்துக்கு வேணாம் வரதன். பொண்ணு அழுதிடும்."
சரி, போச்சு என்று பெட்டியை மூடப் போனேன்.
"ஆனா சாவு வீட்டுக்கு நீங்கதான் முன்னால நடக்கிறீங்க. இவ்வளவு காலம் இந்தச் சத்தம் இல்லாம எப்படித்தான் ஆளுங்களப் பொதைச்சோமோ!"
மூன்றாம் வரிசையிலிருந்து முன்வரிசை. நேரே மடவளை போய் விலை பேசினேன். நானா கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. "ஹூக்கா விலைக்கே எடுங்க" என்றார்.
வீட்டில் சொன்னேன். செ. தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு, "எனக்கும் அதத்தான் ஊதுவீங்களா?"
"நீ முந்தினா."
"அப்ப நல்லாப் பழகிக்குங்க."

மார்ச் 23, ஞாயிறு
வெயில். செ. கழுத்துப் பட்டி தைக்கிறாள், சாமான் கனம் என்று. நாளை ஹேவாஹெட்டவில் முதல் சாவு. லீவுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். காரணம்: மரணம். இறந்தவர் உறவுமுறை: ?