மூன்று கைதட்டல்கள்

மார்ச் 3, செவ்வாய்

வருங்காலச் சரித்திர ஆசிரியர்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொள்ளவும். இன்று மாலை, எங்கள் வீட்டுக் கூடத்தில், சோபாவை நகர்த்திய தூசிக்கு நடுவே, நான் எடிட்டராகப் பதவி ஏற்றேன்.

அக்காவின் வயலின் வாசிப்பைப் படம்பிடித்து வெள்ளிக்கிழமைக்குள் இசைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். வில் அவள் கையில். வில்லன் நான், வீட்டிலேயே இருக்கிறேன்.

"கல்லூரிக்காரங்க அனுப்பின விதிமுறையைப் படிச்சியாடா?" என்று கேட்டாள் அக்கா.

"கரைச்சுக் குடிச்சாச்சு."

மார்ச் 4, புதன்

படப்பிடிப்பு. நேரே அப்பாவின் போன். பக்கவாட்டில் சித்தப்பாவின் கேமரா – அதற்கு என்னைவிட வயது அதிகம். விரல்களுக்கு அருகில் என் போன். மூன்றும் ஓட ஆரம்பித்த பிறகு ஒரே ஒரு முறை கைதட்ட வேண்டும். பின்னால் கணினியில் அந்தச் சத்தத்தை மூன்றிலும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் எல்லாப் படமும் ஒன்றாக ஓடும்.

நான் மூன்று தட்டு தட்டினேன். கலைஞனுக்குக் கைதட்டல் வேண்டாமா? வேறு யாரும் தட்டுகிற மாதிரி தெரியவில்லை.

அக்கா வாசித்தாள். கிண்டல் செய்ய ஒன்றுமே கிடைக்கவில்லை. எரிச்சல்.

மார்ச் 5, வியாழன்

மென்பொருளில் ஒலி மலைத்தொடர் மாதிரி தெரிகிறது. கைதட்டல் மட்டும் விளக்குக் கம்பம்போல் நட்டுக்கொண்டு நிற்கிறது. முதல் கம்பத்தோடு முதல் கம்பம் – பொருத்தினேன். பிறகு படத்தையும் ஒலியையும் சேர்த்தே வெட்டி வெட்டி மாற்றினேன்: அப்பா, சித்தப்பா, நான், மறுபடி அப்பா. கடைசியில் திரை நிறைய என் பெயர்.

எல்லோரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். சித்தப்பாவின் படம் வரும்போதெல்லாம் இசை ஒரு தாவு தாவியது. அதிலிருந்து திரும்பும்போது வாசித்ததையே வாசித்தது.

"என்னடா, உங்கக்கா தடுக்கித் தடுக்கி விழறா?" என்றார் சித்தப்பா.

என் நாக்கு சும்மா இருக்குமா? "இது கச்சேரி இல்ல சித்தப்பா, நொண்டி விளையாட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"இப்படியா வாசிச்சேன்? எனக்குத் தெரியவே இல்லையே..." வயலினைப் பெட்டிக்குள் வைத்தாள். "அனுப்ப வேணாம்ப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சாத்தினாள்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

ஐயோ. ஐயையோ.

சித்தப்பா பட்டனை அழுத்துவதற்கு முன்பே நான் முதல் தட்டைத் தட்டிவிட்டேன். அவர் படத்தில் இரண்டே கம்பம்தான் இருக்கிறது! அவருடைய முதல் கம்பம் எங்களுடைய இரண்டாவது. எண்ணிப் பார்த்தேனா? மூன்று வரைக்கும் எண்ணத் தெரியாதவனெல்லாம் எடிட்டராம்.

ஒரு கம்பம் தள்ளிவைத்தேன். அவ்வளவுதான். அக்கா தண்ணீர் ஓடுவதுபோல் வாசிக்கிறாள்.

அவள் கதவைத் தட்டினேன். ஒரே தட்டு.

"அக்கா... நொண்டினது நீ இல்ல. நான்தான்."

கணினி முன்னால் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கையாலேயே என் காதைத் திருகினாள். அப்புறம், "அந்த விதிமுறையை எடு. நானே ஒரு தடவை பாக்கறேன்" என்றாள்.

அது எங்கே கிடக்கிறதென்று தேடப் போனேன்.

மார்ச் 6, வெள்ளி

அனுப்பியாச்சு. விவரம் கேட்காதே.

மார்ச் 19, வியாழன்

அக்காவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்! "எல்லாம் நம்ம பையன் எடிட்டிங்" என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு மாமா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுங்கினேன். அக்கா வாயைத் திறக்கவில்லை. அதற்குக் கூலியாக இந்த மாதம் முழுக்கப் பாத்திரம் என் தலையில்.

சரி டைரி, உன்னிடம் மட்டும். விதிமுறையின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: ஒரே கேமரா, வெட்டு ஒட்டு கூடாது. போனது அப்பா போனில் எடுத்த படம், எடுத்தபடியே. திரை நிறைய என் பெயர் கணினியிலேயே தூங்குகிறது. போனதில் என் பங்கு, ஆரம்பத்தில் வரும் மூன்று கைதட்டல்.

கல்லூரியிலிருந்து போனில் பேசிய பெண்மணி கடைசியில் கேட்டாராம்: "வாசிக்கிறதுக்கு முன்னாடியே கைதட்டுறாங்களே, அது யாரும்மா?"

"என் தம்பி" என்றாளாம் அக்கா.

எடிட்டர் என்று சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.