எலுமிச்சைக்குப் பதினொன்று

ஏப்ரல் 6, ஞாயிறு

வெயில். பதினோரு மணிக்கே முற்றத்துச் சிமெண்டில் கால் வைக்க முடியவில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து இட்லி நான்கு, பழைய சாம்பார்.

அம்மாவும் ஜைபு ஆன்ட்டியும் பேசி இன்றோடு பத்தொன்பது நாள். ஒரே காம்பவுண்டு, எதிரெதிர் வாசல், நடுவில் கொஞ்சம் முற்றம். குழாயடிக்கு ஒருத்தி வந்தால் மற்றவள் பாதிக் குடத்தோடு உள்ளே போய்விடுகிறாள். காரணம் எங்கள் மாமரம். அதற்கு வடக்கே ஆன்ட்டி வைத்த எலுமிச்சை நான்கு வருடமாகப் பூக்கவில்லை.

"உங்க மரம் என் செடிய மூடிக்கிச்சு டீச்சர்."

"மரத்துக்கு நானா சொல்லிக் குடுத்தேன்?"

இவ்வளவுதான் சண்டை. பதினைந்து வருடப் பழக்கம் இதோடு நின்றது. ரம்ஜான் பாதியிலேயே நோன்புக் கஞ்சித் தூக்கும் நின்றது. எனக்குக் கஞ்சி போனதில்தான் வருத்தம். பொய். சாயங்காலம் அம்மா தனியாகப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்வதைப் பார்க்க முடியவில்லை.

தரமணி ஆபீசில் என் வேலை, தென்னைக்கு அடியில் வளரும் கோகோ மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளப்பது. மீட்டரை வெள்ளிக்கிழமையே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கேட்கவில்லை. கேட்டால் படிவம், மூன்று கையெழுத்து, கான்ட்ராக்ட் ஆளுக்கு எதற்கு என்ற பார்வை.

பகல் 12.10. மொட்டைமாடியில் நூறு என்று வைத்துக்கொண்டால்:
தென்னைக்கு அடியில் 52
மாமரத்துக்கு அடியில் 9
எலுமிச்சை மேல் 11

தென்னை பரவாயில்லை. எல்லாருக்கும் மேலே போய்விட்டது, ஆனால் ஓலை இடுக்கில் பாதியைக் கீழே விடுகிறது.

இரண்டு வாசலுக்கும் கேட்கும்படி சொன்னேன்: "மாமரம்தான்மா. சந்தேகமே இல்ல."

அம்மா உள்ளே குக்கரை அணைத்தாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் ஏகாம்பரம், அரிவாளும் கயிறுமாக. நொச்சிக்குப்பத்துக்காரர். எங்கள் தென்னையில் வருடா வருடம் ஏறுபவர்.

"இன்னா டீச்சரம்மா, காய் தொங்கிக்கினு கீது, இப்ப போயி வெட்டச் சொல்ற?"

"வெட்டுப்பா. வடக்குப் பக்கம் பூரா."

"பூராவா? பாதி மரமே அந்தாண்டதான் கீது!"

"என் பொண்ணு மிஷின் வச்சுப் பாத்துட்டா."

அந்த ஒரு வரி பஸ் முழுக்கக் கூடவே வந்தது. தடுத்திருக்கலாம். லேட்டானால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள் என்று ஓடினேன்.

இரவு ஏழரைக்கு வந்தால் முற்றத்தில் வானம் தெரிகிறது. வேறு யாருடைய வீடோ போல. பிஞ்சும் காயுமாக ஒரு கூடை, ஆன்ட்டி வாசற்படியில். அம்மா வைத்தது. எடுக்கவில்லை. எறும்பு. ஆன்ட்டியின் தையல் மிஷின் சத்தமும் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

கூடை இன்னும் அங்கேயே.

ஆபீஸ் வளாகத்துக்குள் தூங்குமூஞ்சி மரங்கள், கார்கள் குளிர்ச்சியாக நிற்கின்றன. வெளியே பஸ் ஸ்டாப்பில் கூரை இல்லை, மரம் இல்லை. பெருக்குகிற பெண்கள் நாலு பேர் விளக்குக் கம்பத்தின் நிழலில் வரிசையாக நிற்கிறார்கள், கம்பம் அகலத்துக்கு. நானும் ஐந்தாவதாக நின்றேன். நிழலும் ஒரு சொத்துதான். அதற்குப் பட்டா யாரிடம் என்று பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

வாங்க வேண்டியது: தேங்காயெண்ணெய், அம்மா பிரஷர் மாத்திரை, பேனா.

ஏப்ரல் 12, சனி

எலுமிச்சை வெந்துவிட்டது.

மேல் இலைகளில் வெளிறிய திட்டு, நடுவில் காகிதம் கருகின மாதிரி பழுப்பு. நான்கு வருடம் நிழலிலேயே இருந்த இலை. ஒரே நாளில் ஏப்ரல் வெயிலை முழுசாகத் தலையில் கொட்டினால் என்ன ஆகும்? கோகோவில் இது முதல் பாடம். எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறந்தேன்.

ஆன்ட்டி ஒரு இலையைக் கையில் வைத்துக்கொண்டு குழாயிடம் சொன்னார்: "காஞ்சா காயட்டும். வெட்டுங்கன்னு நான் யாரையும் கேக்கல."

உள்ளே அம்மா அடுப்புத் திட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுத்தமாக இருந்த திட்டு.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

எங்கள் தென்னையின் குருத்தில் அம்மா செய்த சிலுவை என் டைரிக்குள் இப்போது.

எலுமிச்சை முன்பு எப்படி இருந்தது என்று போனில் பழைய படங்களைத் தேடினேன். ஆறு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் மத்தியானம் கிடைத்தது. ஆன்ட்டி துப்பட்டா நிறைய எலுமிச்சம்பழம். பக்கத்தில் அம்மா, வாயில் கேக். பின்னால் இதே மாமரம், கிளையில் ஸ்டார். முற்றம் முழுக்க வெயில். மரம் நேராக நிற்கிறது.

போன கிறிஸ்துமஸ் படம். அதே இடம், அதே மத்தியானம். வெயில் ஒரு துளி இல்லை. மரம் வடக்கே, எலுமிச்சை மேல் சாய்ந்திருக்கிறது.

நடுவில் என்ன நடந்தது? தெற்கே இருந்த ஓட்டு வீட்டை இடித்து ஐந்து மாடி கட்டினார்கள்.

படுக்கையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏப்ரலில் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல். அப்போது ஐந்து மாடிக்கு நிழலே கிடையாது. மாமரம் மட்டும் மாட்டிக்கொள்ளும். டிசம்பரில் சூரியன் தெற்கே இறங்கிவிடும், அந்தச் சுவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். நான் அளக்கப் போன நேரத்தில் திருடன் ஊரிலேயே இல்லை.

மாமரம் எலுமிச்சையை மூடப் போகவில்லை. அதன் பங்கும் போய்விட்டது. மிச்சம் எங்கே கிடைக்கும் என்று வடக்கே கை நீட்டியிருக்கிறது. அந்தக் கையைத்தான் வெட்டச் சொன்னேன்.

அந்தக் கட்டட விளம்பரப் பலகையில் 'இயற்கையான வெளிச்சம்' என்று இருந்தது. யாருடையது என்று போடவில்லை. அவர்கள் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் புல், பகலிலும் டியூப்லைட்.

ஏப்ரல் 14, திங்கள்

லீவு. குழாயடியில் இருவரும் ஒரே நேரத்தில் மாட்டினார்கள். வழியை மறித்து நின்றுகொண்டு சொன்னேன். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு நேரத்தில் அளந்தேன், தப்பு. ஆபீசில் ஒரு நாளைக்கு ஐந்து தடவை அளப்பேன், இங்கே திமிர். இரண்டு படத்தையும் காட்டினேன்.

ஆன்ட்டி போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து ஐந்து மாடியைப் பார்த்தார்.

"அப்ப ஏகாம்பரத்த கூப்புடு. இதையும் வெட்டச் சொல்லு."

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்தபின் சண்டை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள். குடம் நிரம்பி வழிந்தது, யாரும் குழாயை மூடவில்லை.

ஏப்ரல் 16, புதன்

காலையில் கூடை எங்கள் படியில். காலி இல்லை. உள்ளே ஒரு பாட்டில், மாங்காய்த் தொக்கு. அம்மா சோறு வேகும் முன்பே விரலால் எடுத்து ருசி பார்த்தாள்.

"உப்பு பத்தல" என்றாள், எதிர்வாசலுக்குக் கேட்கும்படி.

"பிரஷர்காரங்களுக்கு அவ்ளோதான் போடுவேன்" என்று பதில் வந்தது.

ஏப்ரல் 19, சனி

நாளை ஈஸ்டர். காற்று இல்லை.

ஆன்ட்டி ஜாக்கெட் லைனிங் துணி மிச்சத்தையெல்லாம் சேர்த்துப் பெரிய விரிப்பாகத் தைத்துவிட்டார். வெள்ளை, சந்தனம், ஒரு ஓரம் ரோஸ். ஒரு பக்கம் தென்னையில் கட்டினோம், மறுபக்கம் மாமரத்தின் வெட்டிய கிளை மொட்டையில். ஏணியில் ஆன்ட்டி, பிடித்துக்கொண்டு அம்மா.

"இறுக்கிக் கட்டு ஜைபு, தொங்குது."

"நீங்க ஏணிய ஆட்டாதீங்க டீச்சர்!"

வெயில் சுடாதபடி எலுமிச்சைத் தண்டுக்கு நான் சுண்ணாம்பு அடித்தேன். அடித்தண்டு பச்சையாகத்தான் இருக்கிறது. பிழைக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொன்னேன், இந்த முறை.

துணிக்கு அடியில்: காலை 8க்கு 40, 10க்கு 46, 12க்கு 49. செடி வெயிலுக்குப் பழக, துணியை வாரம் ஒரு முழம் விலக்க வேண்டும். ஜூலையில் காய் இறங்கியதும் மாமரத்தில் மேல் கொப்பு இரண்டு எடுக்கலாம், மத்ததைத் தொடக் கூடாது. அம்மாவே சொன்னாள்.

"மிஷின டிசம்பர்ல மறுபடி எடுத்துட்டு வா" என்றார் ஆன்ட்டி. சுவர் என்ன செய்கிறது என்று அளக்க வேண்டுமாம். டிசம்பரில் எனக்கு அந்த வேலை இருக்குமா என்று வாய் வரை வந்தது. தலையை ஆட்டினேன்.

இருவரும் துணி நிழலில் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு பட்டாணி உரிக்கிறார்கள். காலையில் நிழல் ஆன்ட்டி வாசல் பக்கம் இருந்தது. பன்னிரண்டுக்கு முற்றத்து நடுவில். இப்போது இரண்டு மணி, எங்கள் படிக்கு வந்துவிட்டது. அம்மா வா என்று கூப்பிடவில்லை. முறத்தை மட்டும் நகர்த்தினாள், ஆன்ட்டியும் கூடவே நகர்ந்து வந்து எங்கள் படியில் உட்கார்ந்துவிட்டார்.