உரிமையாளர் பெயர்

2007 சித்திரை, புதன் இரவு

இன்று விண்டோஸைப் புதுக் கணினிக்கு மாற்றினேன். ஓர் உரிமத்துக்கு ஒரு கணினிதான் என்பதால் தம்பியின் பழைய கணினியில் அதை அழிக்க வேண்டியிருந்தது. கிரான் என்ற ஊருக்குப் போனவன் திரும்பி வராமல் இரண்டு வருடமாகிறது. வீட்டில் இருப்பவர்கள் என்று இராணுவத்துக்குக் கொடுத்த பட்டியலில் அவன் பெயரை வெட்டியதும் நான்தான்.

"அவன்ட பேரும் அழிஞ்சு போகுமா மகள்?" என்று அம்மா கேட்டா.

புதுக் கணினி உரிமையாளரின் பெயரைக் கேட்டது. வீட்டுக்குப் பின்னால் உள்ள வாவியில் பட்ட வெளிச்சம் சுவரில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. என் விரல்கள் தம்பியின் பெயரைத் தட்டின. திரையில் ஆங்கிலத்தில் வரவேற்பு வந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்றா அம்மா.

"'வா' எண்டு எழுதியிருக்கம்மா. பக்கத்தில அவன்ட பேர்."

அம்மா இன்னும் படுக்கவில்லை. கணினியை நிற்பாட்ட விடமாட்டேன் என்கிறா.