பதினொரு அங்குலம்

மண்டூர்,
ஐப்பசி 10, திங்கட்கிழமை.

அன்பு மகன் நிலோஜனுக்கு,

கந்தன் காவலில் நானும் அப்பாவும் தங்கச்சி பிரஷாந்தியும் உடம்பால் சுகமாக இருக்கிறோம், அங்கே குளிருக்குள் நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனதால் நான் சுகமாக இல்லை, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. வாவித் தண்ணீர் அளவு எழுதிவைத்த என் கொப்பிகளை நீ என்னைக் கேட்காமல் படம் பிடித்துக் கொடுத்தாய். வாங்கியவர்கள் என்னைக் கேட்காமல் அச்சடித்தார்கள். நீங்கள் எல்லோரும் கேட்காமல் விட்டதால் இந்த மாரியில் எங்கள் வயல் வட்டை முழுவதும் தண்ணீருக்குள் போகப் போகிறது. நடந்த அநியாயம் இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. மறுபடியும் போனில் சொன்னால் நீ சிரித்துச் சிரித்தே என்னைச் சமாளித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், பிரஷாந்தி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். நீ இதை உன்னோடு படித்த தனுஷியாவுக்கும் காட்ட வேண்டும். அவளுக்காக, உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உன் விஞ்ஞானப் புத்தகங்களை நீ பாடசாலைக்குப் போன பிறகு எடுத்து வாசித்துத்தான் அட்டவணை போடப் பழகினேன். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டிலிருந்து வாவியைக் கடக்கிற படகு வந்துபோகும் பாதைத் துறையில் அங்குலம் குறித்து நிற்கிற முதிரைக் கட்டையில் வாவித் தண்ணீர் எத்தனை அங்குலம் என்று விடியற்காலையில் பார்த்து எழுதிவருகிறேன். ஒரு பக்கம் எண், மறுபக்கம் அன்று கண்டது: காற்று எந்தப் பக்கம், தண்ணீர் உப்பா நன்னீரா, இறால் பட்டதா, வயலுக்குள் தண்ணீர் ஏறியதா. காய்ச்சலோடும் போயிருக்கிறேன், உன்னைப் பயணம் அனுப்பிவிட்டு வந்த அன்றும் போனேன். இருபத்தாறு வருடம் எனக்கு யாரும் சொல்லித் தரவுமில்லை, போகச் சொல்லவுமில்லை.

போன மாதம் களுவாஞ்சிக்குடி மண்டபத்தில் தனுஷியாவின் பல்கலைக்கழகக் குழு ஆய்வரங்கு வைத்தது. வயல்காரரும் வரவேண்டும் என்று எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் பார்க்கிற வட்டவிதானை அருமைநாயகம் அண்ணன் எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். தேத்தண்ணீரும் ஒரு தடித்த புத்தகமும் தந்தார்கள். அதில் மூன்றாம் கட்டுரைக்கு மேலே தனுஷியாவின் பெயரும் உன் பெயரும் இருந்தது, சந்தோஷத்தில் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். பிறகு திரையில் ஒரு கோடு போட்டார்கள். அது என் தண்ணீர். இத்தனாம் தேதி இத்தனை அங்குலம் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது, பிள்ளையை முதுகுப் பக்கமாகப் பார்த்தாலும் தாய்க்குத் தெரியாதா. புத்தகத்தில் அதற்குக் கீழே உள்ளூர்ப் பெண்மணி ஒருவரின் குறிப்புகள் என்று போட்டிருந்தார்கள். எனக்குப் பெயர் வேண்டாம் என்று பெருந்தன்மை பேச மாட்டேன், வேண்டும். ஆனால் அது இரண்டாவது.

அந்தக் கோடு இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டுத் தையில் படி இறங்கின மாதிரி விழுகிறது. பதினொரு அங்குலம். அதற்குப் பிறகு பழைய உயரத்துக்கு ஏறவே இல்லை. அந்த விழுந்த தண்ணீருக்கு அன்று பகல் முழுவதும் ஒவ்வொரு துறையாக எழும்பிக் காரணம் சொன்னார்கள் மகன். மீன் படித்தவர், வாவி வற்றியதால்தான் இறால் குறைந்தது என்றார். நுளம்பு படித்தவர், வற்றிய கரையில் குட்டை தேங்கி டெங்கு கூடியது என்றார். மண் படித்த பிள்ளை உவர் ஏறியதற்கு அதுவே காரணம் என்று நிறம் நிறமாகப் படம் காட்டியது. காலநிலை படித்தவர் மழையே மாறிவிட்டது என்றார். ஊர் வருமானம் ஆராய்ந்தவர், தண்ணீர் இறங்கினதால்தான் இளம் ஆட்கள் பாசிக்குடா ஹோட்டல்களுக்கு வேலைக்குப் போகிறார்கள் என்றார். கடைசியாக நீர்ப் பொறியியலாளர் எழும்பி, வாவியில் இப்போது இடம் நிறைய இருக்கிறது, ஆகையால் மாரியில் அவசரப்பட்டு முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடத் தேவையில்லை, கட்டையில் நாற்பத்துநான்கு அங்குலம் வரும்வரை பொறுக்கலாம் என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

தண்ணீர் இறங்கவே இல்லை. கட்டைதான் ஏறியது. அந்தத் தையில் வந்த பெருவெள்ளத்தில் துறை அரித்து கட்டை சரிந்ததும், அப்பாவும் அருமைநாயகம் அண்ணனும் அதைப் பிடுங்கிக் கரைப்பக்கம் மேட்டில் நட்டார்கள். மேட்டில் நட்டால் அதே தண்ணீருக்குக் குறைவாகத்தான் காட்டும். பழைய இடத்தில் நாற்பத்தாறு வந்தால் எங்கள் வயலுக்குள் தண்ணீர் ஏறும், இப்போதைய இடத்தில் முப்பத்தைந்திலேயே ஏறிவிடும். இவர்கள் பழைய வருடங்களின் எண்ணைப் பார்த்து நாற்பத்துநான்கு என்று முடிவு கட்டிவிட்டு, அதை இப்போது நிற்கிற கட்டையில் பார்க்கச் சொல்கிறார்கள். அதுவரை பொறுத்தால் வரம்புக்கு மேலே ஒன்பது அங்குலம் தண்ணீர் நிற்கும். விதைத்து மூன்று கிழமைப் பயிர், ஒரு கிழமை மூழ்கிக் கிடந்தால் அழுகிப்போகும்.

எழும்பி இதைச் சொன்னேன். பொறியியலாளர் ஒலிவாங்கியை விலக்கிவிட்டு, "அம்மா, இது தரவு. இதுல உங்களுக்கு விளங்காத விசயம் நிறையக் கிடக்கு, தேத்தண்ணி குடிச்சிட்டு இருங்க" என்றார். மீன்பிடிச் சங்கத்து ஆட்கள் பின்னால் இருந்து, வயல்காரி நட்ட கட்டை வயலுக்குத்தானே சாட்சி சொல்லும் என்று நக்கல் அடித்தார்கள். அவர்களுக்கு முகத்துவாரம் வெட்டுவது பிந்தினால் இறால் வெளியே போகாமல் பெருக்கும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தனுஷியா மட்டும் வாசல்வரை பின்னால் வந்தாள். நல்ல பிள்ளைதான். "மாமி, எழுத்தில இருந்தாக் காட்டுங்க. வாய்ச்சொல்லை வச்சு நான் ஒண்டும் மாத்த ஏலாது" என்றாள். அந்தச் சொல்லை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். நானும் எழுத்தை நம்பித்தானே இருபத்தாறு வருடம் துறைக்குப் போனேன்.

வீட்டுக்கு வந்து அந்த ஆண்டுக் கொப்பியைப் பிரித்தால் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை, வீட்டுக்கும் துறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன், அப்பா பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுந்தேன். அவருக்கு வலக்கண்ணில் புரை வெட்டி ஒரு மாதம்தான், குனியக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அப்படியிருந்தும் அலுமாரிக்குக் கீழே கையை விட்டுப் பழைய கொப்பியை இழுத்து எடுத்தவர் அவர்தான். அதற்கு முந்தின கொப்பி, வெள்ளத்தில் நனைந்து மட்டை ஒட்டிப்போனது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து கிடந்தது: கட்டை பிடுங்கி மேட்டில் நட்டது, துறைப் படியின் வெடிப்பைத் தண்ணீர் தொடும்போது பழைய இடத்தில் நாற்பது, புதிய இடத்தில் இருபத்தொன்பது, இனிமேல் பதினொன்று கூட்டிப் பார்க்க வேண்டும். புதுக் கொப்பிக்கு முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு நல்ல சொல் எழுதுவதுதான் நம் வீட்டு வழக்கம். அந்தப் பக்கத்தில் வெள்ளத்தையும் பிடுங்கின கட்டையையும் எழுத மனம் வராமல், முடிந்த கொப்பியின் கடைசியில் எழுதி மூடியிருக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று பிறகு விட்டுவிட்டேன். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். நீ போன விடுமுறையில் அவசரம் அவசரமாகப் படம் பிடித்தபோது, ஒட்டிக் கிடந்த பக்கங்களைப் பிரிக்காமல் விட்டாய், அது உன் பிழை. எண்களை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டு, மறுபக்கத்தில் முப்பத்தைந்துக்கே வயலில் தண்ணீர் என்று மூன்று மாரியில் நான் எழுதியதை ஒருவரும் வாசிக்காதது அவர்கள் பிழை. என் பிழையை நான் ஒத்துக்கொண்டதால் மற்றவர்களின் பிழை சிறுத்துவிடாது. நேற்று மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை வாங்கி, ஒரு முனையை வெடிப்பில் வைத்து மறுமுனையைக் கட்டையில் பிடித்து நானும் பிரஷாந்தியும் மூன்று தரம் பார்த்தோம். மூன்று தரமும் இருபத்தொன்பது.

இதையெல்லாம் போனில் சொன்னதற்கு நீ, "அம்மா, இப்ப கிளறாதீங்க. ஜனவரியில எனக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கணும், இந்தக் கட்டுரையைத்தான் காட்டியிருக்கன், அது முடியட்டும்" என்றாய். நீ அந்த வேலைக்கு எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும், இரவல் குளிர்ச்சட்டையோடு போனவன் நீ. உன் வேலை போய்விடுமோ என்று எனக்கும் பயம், அதற்காகவும் நித்திரை இல்லை. ஆனால் ஜனவரிவரை வாவி பொறுக்காது மனே. முந்தாநாள் இருபத்திரண்டு, இன்று விடிய இருபத்துநான்கரை. மேற்கே மலைப்பக்கம் மழை, இந்தக் கிழமைக்குள் இன்னும் வரும். வியாழக்கிழமை களுவாஞ்சிக்குடியில் முகத்துவாரக் கூட்டம், உங்கள் கட்டுரையை வைத்துத்தான் அளவை முடிவெடுக்கப் போகிறார்கள். பிழையான கட்டுரையைக் காட்டி வாங்குகிற ஒப்பந்தத்தில் நீ எத்தனை நாள் நிம்மதியாக இருப்பாய் என்று நீயே யோசி. திருத்தினவனை மதிக்கத் தெரியாத இடமென்றால் அங்கே நீ படித்தது என்ன.

இனி ஆளாளுக்கு உள்ள வேலையை எழுதுகிறேன். அருமைநாயகம் அண்ணன் கட்டை நட்டதற்குச் சாட்சியாகக் கையெழுத்து வைத்துவிட்டார், புதன்கிழமை வயல்காரர் சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு பாதைத் துறைக்கு வர வேண்டும், மீன்பிடிச் சங்கத்தாரும் வந்து தங்கள் கையாலேயே குழாயைப் பிடித்துப் பார்க்கட்டும். பிரஷாந்தி நனைந்த பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் தெளிவாகப் படம் பிடித்து இன்றே உனக்கும் தனுஷியாவுக்கும் அனுப்புவாள். தனுஷியா எழுத்தில் கேட்டாள், எழுத்து வந்துவிட்டது, அவள் அந்தப் பொறியியலாளரைத் துறைக்குக் கூட்டிவந்து அளக்கவைத்து, கூட்டத்துக்கு முன்னால் நாற்பத்துநான்கை வெட்டி, பதினொன்று கழித்து முப்பத்துமூன்று என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றத் துறைக்காரர்கள் தங்கள் காரணங்களைப் பிறகு ஆறுதலாகத் தேடட்டும், இறால் குறைந்தது உண்மைதான், ஏன் என்று கண்டுபிடித்தால் நானும் தெரிந்துகொள்ள ஆசை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. தேடினதெல்லாம் உனக்குக் கைகூடி, நீ நூறு வயது வாழ வேண்டும் என்று கந்தனிடம் நேர்ந்துகொண்டுதான் இதை மடிக்கிறேன். உன் வேலை இது: புதன்கிழமை இரவுக்குள், எங்கள் கட்டுரையில் அளவு பிழை, திருத்தும்வரை அதைக் கொண்டு எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று உன் பெயரில் அந்தக் கூட்டத்துக்கும் புத்தகம் போட்டவர்களுக்கும் எழுது. உன் மேலதிகாரிக்கும் நீயே முதலில் சொல், வேறு வாயால் அவருக்குப் போகவிடாதே. உன் கடிதம் வந்தால் வியாழக்கிழமை அதை நான் எழும்பி வாசிப்பேன். வராவிட்டால், உங்கள் கட்டுரை பிழை என்று உன் பெயரைச் சொல்லி நானே சொல்லுவேன்.

அன்புடன்,
அம்மா