தெருவைப் பார்த்த ஷூ

அண்ணா,

ஒரு சந்தோஷமான செய்தி. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நம் கொள்ளுத்தாத்தா இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜப்பானியர்களிடம் பேசிப் பேசியே அவர்கள் மொழியைக் கற்றவர். போர் முடிந்ததும் பட்டாளத்தோடு ஜப்பானுக்கே போய் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அவரைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்றதும் என் துறையில் சிரித்தார்கள். பெங்களூர் அல்சூர்க் குடிசைக்காரன் சமையல்காரனாகத்தான் போயிருப்பானாம்!

இன்று ஜப்பானியப் பேராசிரியை மொரிட்டா நம் ஈஜிபுரா வீட்டுக்கு வந்தார். கிளம்பும்போது வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அவர் கழற்றிப்போட்ட ஷூ தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அப்பா வேலைதான்.

"இது எங்கள் நாட்டு மரியாதை. உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"எங்க தாத்தா ஜப்பான்ல கத்துக்கினு வந்தாரும்மா. வந்தவங்க போறப்ப சும்மா கால வுட்டா போதும்ல? புள்ளைங்கதான் வெக்கப்படுதுங்க" என்றார் அப்பா.

அந்த அம்மா அப்பாவுக்குக் குனிந்து வணங்கினார், அண்ணா! என் ஆய்வுக்குத் தானே வழிகாட்டுவதாகவும் சொல்லிவிட்டார்.

உன் வைட்ஃபீல்ட் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அப்பா இதையேதான் செய்தார். "யார் இவர், வாட்ச்மேனா?" என்று உன் மேனேஜர் கேட்டான். நீ பேசாமல் இருந்தாய். அதற்குப் பிறகு அப்பா அங்கே வருவதில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் குழந்தையின் பிறந்தநாளுக்கு, நீ கூப்பிடாவிட்டாலும், அப்பாவை அழைத்து வருகிறேன். எல்லோருடைய ஷூவையும் அவர் திருப்பி வைப்பார். யார் இவர் என்று யாராவது கேட்பார்கள்.

இந்தத் தடவை நீ சொல்.

உன் தங்கை