வக்துக்கொரு வேகம்

ஆகஸ்ட் 4, திங்கள்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. வெக்கை. தகரக் கூரை அறையில் எழுதுகிறேன், கை வியர்த்துத் தாள் ஒட்டுகிறது.

ஈமெயில் வந்தது. காணொளிகளுக்குத் தமிழ் வசன வரிகள் பதித்து அனுப்பும் வேலை, வீட்டிலிருந்தே. தேர்வு இந்தக் கிழமை, ஏழு நாளுக்குள் எந்த நேரமும் நம் வசதி. அவர்கள் தரும் காணொளியை என் கணினி முப்பது நிமிடத்துக்குள் பதித்து முடிக்க வேண்டும். தாண்டினால் இல்லை.

இல்லையென்றால் மகளை உம்மாவிடம் விட்டு, கொழும்பில் ஓர் அலுவலக வேலை. அந்த அலுவலகத்துக்கு மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவர் கத்தாரில். மகளுக்கு ஒன்றரை வயது. உம்மா: "நான் பாக்கமாட்டனா புள்ளய? உன்னை வளத்த கைதானே."

பார்ப்பார். நன்றாகவே பார்ப்பார். மகள் என்னைத் தேடாமலே பழகிவிட்டால்?

கணினி ரிப்பேர் கடை நானா (தெருவுக்கே அண்ணன்) வந்து, லெப்டொப்பில் விண்டோஸ் இயங்குதளத்தோடு லினக்ஸும் போட்டுத் தந்தார். இரண்டையும் வைத்திருந்தால் வேலைக் கோப்புகளுக்கு இடம் போதாது. வேகமானதை வைத்து மற்றதை அழிப்பதாகப் பேச்சு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒரே காணொளி, மூன்று தடவை. மகள் தூங்கும் நேரம் பார்த்து, தொழுகைப் பாயிலிருந்து எழும்பிய கையோடு:

லெப்டொப், லினக்ஸ் – ஸுபஹ் (விடியல்) – 21 நி.
நானாவின் கடை டெஸ்க்டொப், விண்டோஸ் – ளுஹர் (நண்பகல்) – 26 நி. (கடைக்கு வேண்டும், தரமாட்டார். ஒப்பிட மட்டும்.)
லெப்டொப், விண்டோஸ் – அஸர் (பிற்பகல்) – 34 நி.

உம்மா எட்டிப் பார்த்து: "சோறு வடிய வெச்ச மாதிரி நேரம் பாத்துக் குந்தியிரிக்காளே!"

லினக்ஸ்தான். பதின்மூன்று நிமிட வித்தியாசம். நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. பால்மா முடிகிறது, வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

விண்டோஸை அழிக்க நானா வந்தார். பட்டியலைக் காட்டினேன். வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"என்ன புள்ள இது, தொழுகை வக்துக்கு ஒன்டா?"

"தொழுதிட்டுத்தானே குந்தின, அதான் அப்பிடி எழுதின."

"நீ கொம்பியூட்டரை ஒப்பிடல்ல, வக்தை ஒப்பிட்டிரிக்காய். ஸுபஹ்ல நானும்தான் ஓடுவன். அஸருக்கு இந்தத் தகரத்துக்குக் கீழ வந்து பாரு என்னை."

உம்மா சிரித்த சிரிப்பில் மகள் எழும்பிவிட்டாள். எனக்கு அழுகை. பட்டதாரியாம் நான்.

நானா லெப்டொப்பின் உள்விசிறியைக் கழற்றித் தூசி தட்டினார். அஸருக்கு இரண்டையும் ஓட்டினோம், இடையில் ஆறவிட்டு. லினக்ஸ் 31. விண்டோஸ் 32. மேசை விசிறியைத் திருப்பி வைத்தும் அதே.

"சூடானா அது தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். எதைப் போட்டாலும் ஒன்டுதான்."

ஒரு நிமிடம். முப்பதுக்கு மேல் ஒரே ஒரு நிமிடம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஸுபஹ்: லினக்ஸ் 20. விண்டோஸ் 21. இப்போதைக்கு எதையும் அழிக்கவில்லை. தேர்வு நாளை, விடியலில். கரண்ட் போகக்கூடாது யா அல்லாஹ்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

செய்தேன். 22 நி. பாதியில் மகள் எழும்பி மடியில் ஏறினாள். ஒரு கையால் அவள், ஒரு கையால் மவுஸ். அனுப்பியாகிவிட்டது. கோப்பு சரியாகப் போனதா என்று ஆறு தடவை பார்த்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

தெரிவாகிவிட்டேன்! அல்ஹம்துலில்லாஹ். மகளைத் தூக்கிச் சுற்றினேன், பிஸ்கட் கையால் முகத்தில் அடித்தாள்.

பிறகுதான் ஈமெயிலின் இரண்டாவது பந்தி வாசித்தேன். வேலை நேரம் பிற்பகல் இரண்டிலிருந்து ஆறு. ஒவ்வொரு காணொளிக்கும் அதே முப்பது நிமிடம்.

நானாவுக்கு அழைத்தேன். "சூட்டுல மெதுவாகும் என்டு சொல்லாத. முதல்ல சேரு, பொறகு பாப்பம்."

சேர்ந்த முதல் நாளே தெரிந்துவிடும். நான் ஏமாற்றினேனா? விடியலில் செய்யாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும்.

எழுதினேன்: என் கணினி பிற்பகலில் முப்பத்தொரு நிமிடம் எடுக்கும், விடியற்காலையில் வேலை செய்ய அனுமதிப்பீர்களா? அனுப்பு என்பதை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கொழும்புக்கு இரண்டு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். வருகிறேன் என்று ஒன்று, வரவில்லை என்று ஒன்று. முதலாவதுதான் நன்றாக வந்திருக்கிறது.