செம்மறிக்கு ஆகாத தீவனம்

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், பக்கத்து வீட்டு அஞ்சலையின் ஆட்டுப்பட்டிக்குப் போய் ஒரு செம்மறியின் கண்ணிமையைப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சள். அடுத்ததும் மஞ்சள். மூன்றாவதைத் தொடக் கை வரவில்லை. மூலையில் நீ கலந்த தீவன மூட்டை சாய்ந்திருந்தது, கலந்த தேதி உன் கையெழுத்தில்.

நீ கண்மூடி மூன்று மாதம் ஆகப்போகிறது.

வடக்குத்துக் கிராமத்தில் கல்லூரித் தோழிகளான நாம் இருவரும் பன்றி வளர்க்கத் தொடங்கியபோது சுரங்கக் குவார்ட்டர்ஸ் பெண்கள், "கெமிஸ்ட்ரி படிச்சிட்டு பன்னி மேய்க்கிறாளுங்க" என்று சிரித்தார்கள். "படிச்சதாலதான் மேய்க்கிறோம்" என்றாய் நீ. பால் மறந்த குட்டிகள் கழிந்து கழிந்து மெலிந்தபோது, டாக்டரிடம் அளவு கேட்டு வந்து தீவனத்தில் மயில்துத்தம் சேர்த்தவள் நீதான். கல்லூரி ஆய்வகத்தில் தாமிர சல்பேட் என்று பார்த்த அதே நீலம். சின்னத் தராசில் நிறுத்து, தண்ணீரில் கரைத்து, முதலில் ஒரு படி தவிட்டில் பிசிறி, பிறகுதான் மூட்டை முழுக்கக் கலப்பாய்.

"போதும்டி, விஷம்டி அது" என்பேன்.

"அளவு தாண்டினாத்தான் விஷம். நீ பயந்தே செத்துடுவ."

ஒரே மாதத்தில் குட்டிகள் மொழுமொழுவென்று திரண்டன. அதைப் பார்த்துத்தான் அஞ்சலை தன் ஆடுகளுக்கும் அந்தத் தீவனத்தைக் கேட்டாள். "செம்மறிக்கு ஆகாது" என்றாய். அதற்கு மேல் விளக்கவில்லை. "பன்னிக்குப் போட மனசு வருது, எங்க ஆட்டுக்குன்னா கசக்குதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். நானும் அன்று உன்னைக் கருமி என்றுதான் நினைத்தேன். உன்னிடம் சொன்னதில்லை.

நீ போனபின் பன்றிகளை விற்றுவிட்டேன். இரண்டு மூட்டை தீவனம் மீந்தது. வெயிலில் மேய்ச்சல் காய்ந்து கிடந்ததால் நானே அஞ்சலையைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "நீங்கதாங்க்கா மனுசி" என்றாள். அந்தச் சொல் இனித்தது. உன்னைவிட நல்லவள் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள் அல்லவா!

நேற்று ஒரு பெட்டை ஆடு செத்தது. முந்தின நாள்வரை மேய்ந்த ஆடு, கறுத்துச் சிவந்த மூத்திரம் பெய்து விழுந்தது. வந்த டாக்டர், "என்ன தீவனம் போடுறீங்க?" என்று கேட்டார். "மேய்ச்சல்தாங்க. கொஞ்சம் தவுடு" என்றாள் அஞ்சலை. அவளுக்கு அது தவிடுதான். நீ சொன்ன 'ஆகாது' நினைவுக்கு வந்தும், இரண்டடி தள்ளி நின்ற நான் மூட்டையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டேன். காமாலை என்று எல்லா ஆட்டுக்கும் ஊசி போட்டுவிட்டு, இன்று பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினேன். நீ இரண்டு சொல்லில் முடித்தது அங்கே பக்கம் பக்கமாக இருந்தது. பன்றி தாங்கும் தாமிரத்தைச் செம்மறி தாங்காதாம். ஈரல் அதை வாரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்து ஒருநாள் மொத்தமாக ரத்தத்தில் கொட்டிவிடுமாம்.

காலையில் நான் மூட்டையைத் தூக்கும்போது அஞ்சலை வந்துவிட்டாள். "இன்னாக்கா, காலங்காத்தால?"

"வண்டு விழுந்திருக்கு. எடுத்துக்கிட்டுப் போறேன்."

"வண்டு தின்னா ஆடு சாவாதுக்கா" என்று சிரிக்கப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது. இந்த ஆடுகளை நம்பித்தான் மைன்ஸ் கான்ட்ராக்ட் வேலையை விட்டவள். மிச்சம் நாலு.

மூட்டை இப்போது என் சமையலறையில் இருக்கிறது. முதல் ஷிஃப்டுக்குப் போன கணவரிடமும் சொல்லவில்லை. அஞ்சலை என்னை எப்படிப் பார்ப்பாள் என்று பயமாக இருக்கிறது. அதைவிடப் பயம், காலையிலிருந்து மனசு ஒத்திகை பார்க்கும் ஒரு வாக்கியம்: 'கலந்தது அவள், எனக்கென்ன தெரியும்?' ஊர் நம்பிவிடும். நீ வந்து மறுக்கப்போவதில்லை.

மணி ஒன்பதரை. டாக்டர் வந்ததும், அஞ்சலை பக்கத்தில் நிற்கும்போதே சொல்லப்போகிறேன். அது தவிடில்லை, தாமிரம் கலந்த பன்றித் தீவனம். ஆகாது என்று நீ சொன்னாய். கேட்டிருந்தும் கொடுத்தது நான்.